கேள்விக்குறிகளாய்ப் போன லயம்

மலையகத்தில் லிந்துலைப் பக்கம் ஒரு பிரதேச அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. வீடு கட்டக் காணி கேட்டு வரும் விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. தேயிலைத் தோட்டத்து விண்ணப்பங்கள் தமிழில் வரும், அவை எனக்கு. கிராமத்து விண்ணப்பங்கள் சிங்களத்தில் வரும், அவை எதிர் மேசையில் இருந்த சிங்கள அக்காவுக்கு. இரண்டு கணினிக்கும் ஒரே தரவுத்தளம்.

அந்த மென்பொருளில் மொழி அமைப்பு என்று ஒரு பக்கம் உண்டு. தமிழ், சிங்களம், இரண்டில் ஒன்றைத்தான் தெரிவு செய்யலாம். நான் தமிழுக்கு மாற்றினால் அக்காவின் கணினியிலும் மாறிவிடும். தமிழ் இருக்கும்போது சிங்களப் பதிவைச் சேமித்தால் பெயர் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். சிங்களம் இருக்கும்போது தமிழுக்கும் அதே கதி. திரையில் தட்டும்போது எல்லாம் ஒழுங்காகத் தெரியும். மூடிவிட்டு மறுபடி திறந்தால்தான் விஷயம் விளங்கும். போன பெயரை எங்கே தேடியும் எடுக்க முடியாது.

கொழும்பிலிருந்த தொழில்நுட்பப் பிரிவுக்கு நாங்கள் இருவரும் மாறி மாறித் தொலைபேசி எடுத்தோம். ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இங்கே எங்களுக்குச் சரியாகத்தானே வேலை செய்கிறது" என்று சிங்களத்தில் சொன்னார். அங்கே ஒரே மொழியில்தான் பதிவு செய்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. இன்னொருவர், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தட்டச் சொன்னார். தட்டினேன். பிறப்புச் சான்றிதழோடு பெயர் ஒத்துவரவில்லை என்று எல்லாம் திரும்பி வந்தன.

எங்கள் நிர்வாக உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வுபெறக் கொஞ்சக் காலமே இருந்தது. "பிள்ளை, நீர் கடிதத்தை எழுதும், நான் கையெழுத்து வைச்சு அனுப்பிறன். ஆனா மறுமொழி வரும் எண்டு மட்டும் இருந்திடாதையும்" என்றார். மூன்று கடிதம் போனது. அவர் சொன்னபடியே ஆயிற்று.

கடைசியில் அக்காவும் நானும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் தமிழ், சாப்பாட்டுக்குப் பிறகு சிங்களம். அக்கா என்னை நங்கி, அதாவது தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். "நங்கி, மாற்றட்டுமா?" என்று கேட்காமல் ஒரு நாளும் மாற்றியதில்லை. கொஞ்ச நாள் ஒழுங்காகவே ஓடியது.

அந்த வருடம் ஆனி மாத மழையில் ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து இறங்கியது. பன்னிரண்டு வீடுகளின் பின்சுவர் வெடித்துவிட்டது. அதிகாரிகள் பார்த்துவிட்டு, அங்கே குடியிருப்பது ஆபத்து என்று பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு கடிதம் கொடுத்தார்கள். அந்த லயத்திலிருந்து கொழுந்து பறிக்கும் ஒரு அம்மா கடிதத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கணவர் படுக்கையில்.

"மிஸ், இதப் போட்டுட்டா எங்க பேரு மேல வந்துருமுங்களா?" என்று கேட்டார்.

"வந்துரும்மா. ஆபத்தான எடம்னு அடையாளம் போட்டா மொதல்ல அவங்களுக்குத்தான் குடுப்பாங்க" என்றேன். விதியும் அப்படித்தான் இருந்தது.

அவர் போன பிறகு வேலையைத் தொடங்கினேன். நேரம் பத்தரை இருக்கும், தமிழ் நேரம். அதற்குச் சற்று முன்பு கரண்ட் ஒருமுறை போய் வந்திருந்தது. கரண்ட் போனால் அந்த மென்பொருள் தானாகவே சிங்களத்துக்குத் திரும்பிவிடும். அது எனக்குத் தெரியும். நான்தான் பார்க்கவில்லை. பன்னிரண்டு வீட்டு விண்ணப்பங்களும் முன்பே ஏற்றியிருந்தவைதான். ஒவ்வொரு பதிவாகத் திறந்து, ஆபத்து என்ற கட்டத்தில் அடையாளமிட்டு, சேமித்து மூடினேன். பன்னிரண்டையும் கால் மணி நேரத்தில் முடித்துவிட்டு, நல்ல காரியம் செய்த நிம்மதியோடு தேநீர் குடிக்கப் போனேன்.

இரண்டு நாள் கழித்துப் பட்டியலைத் திறந்தபோது பன்னிரண்டு வரியிலும் பெயர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை, தோட்டத்தின் பெயரும் இல்லை. எல்லாம் கேள்விக்குறி. ஆபத்து என்ற அடையாளம் மட்டும் ஒழுங்காக இருந்தது. அக்கா எழுந்து வந்து என் பின்னால் நின்று பார்த்தார். "நான் மாற்றவில்லை, நங்கி" என்றார். "தெரியும் அக்கா, நான்தான்" என்றேன்.

மூலப் படிவங்கள் மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போயிருந்தன. அங்கே கேட்டதற்கு, கட்டுகளுக்குள் தேட வேண்டும் என்றார்கள். சனிக்கிழமை பஸ் ஏறித் தோட்டத்துக்கே போனேன். மேல் லயத்தில் வீடு வீடாக நின்று, அடையாள அட்டையைப் பார்த்துப் பெயர்களை எழுதினேன். அந்த அம்மா கோப்பையில் பால் இல்லாத தேயிலைச் சாயம் ஊற்றிக் கொடுத்தார். வெடிப்பு வழியாக வெளியே இருந்த மண் தெரிந்தது. எதற்காக மறுபடி எழுதுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

திங்கட்கிழமை கணினியைத் திறந்தபோது அந்த வருடப் பட்டியல் பூட்டப்பட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மாலையே மேலிடம் எடுத்துவிட்டதாம். பெயர்களைக் கையால் எழுதி, நடந்ததை விளக்கி, நிர்வாக உத்தியோகத்தரின் கையெழுத்தோடு அனுப்பினேன். இந்த முறை மறுமொழி வந்தது. கணினியில் உள்ள பதிவுகள் மட்டுமே ஏற்கப்படும் என்று ஒரே வரி.

இரண்டு மாதம் கழித்துத் தெரிவானவர்களின் பெயர்களைச் சுவரில் ஒட்டினோம். மேல் லயத்து ஒருவர் பெயரும் அதில் இல்லை. அந்த அம்மாவுக்கு வாசிக்க வராது. என்னிடம் வந்து நின்றார். அன்றைக்கு மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மொழி மாறிக் கிடந்ததை நான் பார்க்கவில்லை, என் கையால்தான் பெயர் அழிந்தது என்றேன்.

அவர் என் கணினியைக் கையால் காட்டினார்.

"அப்ப மேல உள்ளவங்களுக்கு இந்த மாதிரி ஆளுங்க இருக்கோம்னே தெரியாதுங்களா?"

"பன்னெண்டு வீடு இருக்குன்னு தெரியும்மா. யாருன்னுதான் தெரியாது."

"அடுத்த லிஸ்டு எப்பங்க மிஸ்?"

தெரியாது என்றேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பஸ் போய்விடும் என்று கிளம்பிவிட்டார்.

பன்னிரண்டு பெயர்களையும் அடுத்த பட்டியலுக்காக மறுபடி ஏற்றிவிட்டேன். ஒவ்வொன்றையும் சேமித்து, மூடி, திறந்து பார்த்தேன். ஆனால் அந்தப் பட்டியல் இன்றுவரை எடுக்கப்படவில்லை. மென்பொருளும் அதேதான். அக்கா மாற்றலாகிக் கொத்மலைப் பக்கம் போய்விட்டார். புதிதாக வந்தவர் கேட்காமலேயே மொழியை மாற்றுகிறார்.

ஐப்பசி மழை பிடித்தபோது அந்தத் தோட்டத்திலிருந்து வந்த ஒருவரிடம் மேல் லயத்தைப் பற்றி விசாரித்தேன். மழை கூடினால் எல்லோரும் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில், தொட்டில்களை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் படுக்கிறார்களாம். காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட வருவதற்குள் பாயைச் சுருட்டிக்கொண்டு மறுபடி லயத்துக்கே போய்விடுகிறார்களாம்.