பாதி வழி வரை வந்த அக்கா

மீனம்பாக்கம். செக்-இன் வரிசை. தள்ளுவண்டியில் இருந்த பெட்டிகளை என் மனைவி சுதா ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தாள். கடைசிப் பெட்டிக்கு வந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

“அந்த நீலப் பை எங்க?”

“நீ எடுத்துக்கலையா?”

“நீங்க எடுத்துண்டிருப்பேள்னு நெனச்சேன்.”

எங்கள் பெண் நித்யா காதிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்தாள். “அது டீச்சர் ஆத்துல இருக்கு. நல்ல நேரத்துல கிளம்பி, அங்கயே இருக்கு” என்றாள். வயது பன்னிரண்டு. வாய் மட்டும் நாற்பது.

விஷயம் இதுதான். நாங்கள் சிங்கப்பூருக்குக் கிளம்பியது சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு. சுத்தமான ராகு காலம். போதாக்குறைக்கு அன்று கிழக்கே சூலம். ஏர்லைன்ஸ்காரனிடம் போய், ‘சார், ஒரு மணி நேரம் தள்ளி எடுங்களேன்’ என்று கேட்க முடியுமா? அதற்குத்தான் எங்கள் வீடுகளில் பரஸ்தானம் என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதல் நாளே நல்ல நேரம் பார்த்து, பயணத்துக்கான ஒரு பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட வேண்டும். அந்த நிமிடமே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் பாதகமில்லை... போகிற போக்கில் பையை எடுத்துக்கொண்டால் போதும்.

எடுத்துக்கொண்டால்!

எங்களுக்குப் பக்கத்து வீடு என்றால் எதிர் ஃபிளாட் டெய்சி டீச்சர். சாந்தோமில் ஒரு பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். இருபது வருடங்களாக எங்கள் குடும்பத்து நல்ல நேரமெல்லாம் அவர் வீட்டு மாதா படத்துக்குக் கீழேதான் இருந்துவருகிறது. முன்பெல்லாம் வாசலைப் பூட்டியதும் அம்மாதான் போய் டீச்சர் வீட்டு மணியை அடிப்பாள். அது அவள் டிபார்ட்மென்ட். அவள் போன பிறகு அந்த வேலை யாருடையது என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை.

டீச்சருக்கு ஃபோன் போட்டேன். “பயப்படாதீங்க சார், பை பத்திரமா இருக்குது. நீங்க பத்திரமா போய்ட்டு வாங்க” என்றார்.

அந்தப் பைக்குள் இருந்தது என் அக்கா உஷாவுக்கான புடவை. மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். தி.நகரில் மூன்று சனிக்கிழமை அலைந்து சுதா எடுத்தது. கனுப் பொங்கலுக்கு உடன்பிறந்தவளுக்குச் சீர் செய்ய வேண்டும் அல்லவா? ஐந்து கனுவாக அக்கா வரவில்லை. ஐந்துக்கும் சேர்த்து ஒரே புடவை.

அக்கா இருப்பது சிட்னியில். முன்பெல்லாம் வருடம் தவறாமல் வருவாள். அம்மா இறந்தது, விமானங்கள் எல்லாம் நின்றுபோயிருந்த அந்தக் காலத்தில். நான் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கா அங்கிருந்து அந்தச் சின்னத் திரையில் எல்லாவற்றையும் பார்த்தாள். சிக்னல் விட்டு விட்டு வந்ததில் அவளுக்குப் பாதி தெரிந்திருக்காது. அதற்குப் பிறகு விமானங்கள் பறக்க ஆரம்பித்தன. அக்கா வரவில்லை. லீவு இல்லை, பையனுக்குப் பரீட்சை, முதுகு வலி – வருடத்துக்கு ஒரு காரணம். கடைசியில் அவளே ஒரு யோசனை சொன்னாள்: “நடுவுல எங்கயாவது மீட் பண்ணலாம்டா. பசங்களுக்கும் ஜாலியா இருக்கும்.”

நடுவாம். சிட்னியிலிருந்து சிங்கப்பூர் எட்டு மணி நேரம். இன்னும் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் மயிலாப்பூரில் எங்கள் வீடு.

சரி, நேரில் பார்க்கும்போது கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். ஆறு நாள் இருக்கிறது. ஆறு நாளில் ஒரு கேள்வி கேட்க முடியாதா?

முடியவில்லை. முதல் நாள் ஹோட்டல் லாபியில் அவளைப் பார்த்தேன். காதோரம் முழுக்க நரை. சுதா முதல் வேலையாகப் பை கதையைச் சொல்லிவிட்டாள். அக்கா சிரித்தாள்... அப்படி ஒரு சிரிப்பு. கண்ணில் நீர் வர, லாபி சோபாவில் சாய்ந்து சிரித்தாள்.

“பரஸ்தானம் வச்ச பையை விட்டுட்டு வந்த ஒரே குடும்பம் நம்மதான்டா. டீச்சர் இன்னும் அங்கதான் இருக்காளா? கீழ அந்த பவழமல்லி?”

“இருக்கு. நீ வந்து பாரேன்.”

“ஐயோ, பசங்க பசியோட இருக்கும். வா, வா.”

இப்படியே போயிற்று. மிருகக்காட்சி சாலையில் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக்கொண்டே மயிலாப்பூர்க் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரிப்பாள். கேபிள் காரில் தொங்கிக்கொண்டு, மாட வீதியில் நாங்கள் வாங்கும் காய்கறிக்காரம்மாவின் மூட்டு வலியைப் பற்றிக் கேட்பாள். ஹால் ஃபேன் இன்னும் கிறீச்சிடுகிறதா? சமையலறை ஜன்னல் கொக்கியை மாற்றினீர்களா? எல்லாம் வேண்டும் அவளுக்கு. ‘நீயே வந்து பார்’ என்று நான் வாயைத் திறந்தால் மட்டும் யாருக்காவது பசிக்கும், யாருக்காவது பாத்ரூம் போக வேண்டும்.

நான்காம் நாள் காபி வாங்க வரிசையில் நின்றபோது, அக்காவின் கணவர், எங்கள் அத்திம்பேர், மெல்ல ஆரம்பித்தார். அதிகம் பேசாத மனிதர்.

“உஷா ரெண்டு தடவை மெட்ராஸுக்கு டிக்கெட் போட்டா, தெரியுமோ? ரெண்டு தடவையும் கேன்சல் பண்ணிட்டா. நான் சொன்னதா காட்டிக்காதே.”

எனக்குத் தெரியாது. நான் என்னவெல்லாமோ நினைத்து வைத்திருந்தேன். எங்கள் மேல் கோபமோ, சுதா ஏதாவது சொல்லிவிட்டாளோ, அந்த ஊர் வசதி பழகிவிட்டதோ என்று. ஐந்து வருடமாக மனசுக்குள் அவளோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்!

கடைசி நாள் காலை. நித்யாவும் அக்கா பையன் ஆதியும் நீச்சல் குளத்தில் ஒருவர் தலையை ஒருவர் தண்ணீருக்குள் அமுக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு நாள் ஆளுக்கொரு ஃபோனோடு ஆளுக்கொரு மூலையில் இருந்ததுகள்தான். அக்கா கரையில் உட்கார்ந்து, கணுக்கால் வரை தண்ணீரில் விட்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இனிமேல் நேரமில்லை.

“ஏன் அக்கா வரமாட்டேங்கற?”

இந்த முறை அவள் பசங்களைக் காட்டவில்லை.

“உனக்கு அம்மா போயிட்டா. நீ கூடவே இருந்தே, எல்லாம் பண்ணினே. எனக்கு அப்படி இல்லடா. நான் ஃபோன்லதானே பாத்தேன். எனக்கு இன்னும் அம்மா அங்க ஆத்துல இருக்கா. கார்த்தால எழுந்து ஹிண்டுவைப் பிரிச்சுண்டு ஜன்னலண்ட உக்காந்திருக்கா. நான் வந்து கதவைத் தொறந்தேன்னா...”

முடிக்கவில்லை. நானும் முடிக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டேன்.

மதியம் அவர்கள் கிளம்பினார்கள். நம்மூர்க் கடைகள் இருக்கும் செரங்கூன் ரோட்டில் வாங்கி வைத்திருந்த வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், இரண்டு வாழைப்பழம் – ஹோட்டல் அறையில் காபி மேக்கர் வைக்கும் தட்டைத் துடைத்து அதில் வைத்துச் சுதா கொடுத்தாள். அறையில் கிழக்கு எது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆதி ஃபோனில் பார்த்துச் சொன்னான். அக்கா அந்தப் பக்கம் திரும்பி நின்று வாங்கிக்கொண்டாள். புடவை இல்லையே என்று சுதா அழுதுவிட்டாள். “அசடே, கூரியர்ல அனுப்பேன்” என்று அக்கா அவள் கண்ணைத் துடைத்தாள். கூரியர் என்று அவள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

இப்போதெல்லாம் எத்தனை குடும்பங்கள் இப்படி! பாலியில், துபாயில், பாங்காக்கில் – யாருக்கும் சொந்தமில்லாத ஊரில் ஒன்றுகூடி, கடற்கரையில் ஒரே கலர் டீ-ஷர்ட்டில் ஃபோட்டோ எடுத்துக்கொள்கிறோம். கேட்டால், குழந்தைகளுக்காக என்கிறோம். உண்மையில் குழந்தைகள் எங்கே போனாலும் சந்தோஷமாக இருப்பார்கள். ஏதோ ஒரு வாசற்படியை மிதிக்கத் தைரியமில்லாதவர்கள் பெரியவர்கள்தான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், லீவு கிடைக்கவில்லை என்று சொல்வதை அப்படியே நம்பிவிடுங்கள்.

திரும்பி வந்ததும் டெய்சி டீச்சர் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். புடவை கூரியரில் போயிற்று. அக்கா கட்டிக்கொண்டு ஃபோட்டோ அனுப்பினாள். மஞ்சள் அவளுக்கு எடுப்பாக இருக்கிறது.

நேற்று ஃபோனில் பேசும்போது, “அடுத்த வருஷம் எங்கடா மீட் பண்ணலாம்?” என்று கேட்டாள். ‘இங்கே’ என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. நீ எங்கே சொல்கிறாயோ அங்கே என்றேன்.

அக்காவைப் பார்க்க வேண்டும் போலத்தான் இருக்கிறது... இந்த ஹாலில், இந்த நாற்காலியில். ஆனால் அவள் வந்தால் அம்மா போய்விடுவாளே.