கம்பிகளை இறக்கிய வருடம்

என் கணவரின் இடது கையில் வெட்டு விழுந்தது ஒரு தை மாதம், காலை பத்து மணி வாக்கில். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் என் மாமனார் முப்பது வருடமாகக் குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்த வயலில் சம்பா அறுப்புக்கு ஆள் இறங்கியிருந்தது. நிலத்துக்காரர் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை வேறொருவருக்கு விற்றிருந்தார். வாங்கியவர் தன் ஆட்களோடு வந்து, இது என் வயல், நான்தான் அறுப்பேன் என்றார். மாமனாரின் பெயர் குத்தகைப் பதிவேட்டில் இருந்தது. அந்த நாட்களில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும், குத்தகைக்காரனை யாரும் வெளியேற்ற முடியாது என்று மேடையில் சொல்வார்கள். அதை நம்பித்தான் மாமனார் குறுக்கே போய் நின்றார். யாரோ அவரைப் பிடித்துத் தள்ள, தடுக்கப் போன என் கணவர் நீட்டிய கையில் ஓர் அரிவாள் விழுந்தது. அந்த அரிவாள் யாருடையது என்பது கடைசிவரை தெரியவில்லை. எங்கள் பக்கத்து ஆளுடையதாகவும் இருக்கலாம் என்று அவரே பிறகு ஒருமுறை சொன்னார்.

அவர் வயல் வேலைக்காரர் இல்லை. அன்றைக்கு அப்பாவுக்குத் துணையாகப் போனவர். தஞ்சாவூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் பாட்டுக்கு அடியில் கனத்த சுரம் பிடிக்கும் பேஸ் கிடார் வாசித்துக்கொண்டிருந்தார். அதே குழுவில் பெண் குரல் பாடியவள் நான். பழகிக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. பகலில் நான் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் கையைத் தைத்தார்கள். மூன்று மாதம் கழித்துக் கட்டெல்லாம் அவிழ்ந்த பிறகு பார்த்தால் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மடங்கின, ஆனால் பலம் இல்லை. பேஸ் கிடாரில் கம்பியை அழுத்திப் பிடிப்பது இடது கைதான். அதன் நாலு கம்பிகளும் சாதாரணக் கிடார் கம்பியைவிட மூன்று மடங்கு பருமன். சித்திரை வெயிலில் ஒருநாள் அவர் அதை மடியில் வைத்து இருப்பதிலேயே தடித்த கம்பியை அழுத்தினார். கம்பி கீழே போகவில்லை. செத்த ஒலி ஒன்று வந்தது. கிடாரைக் கட்டிலில் வைத்துவிட்டு வெளியே போனார்.

கம்பிகளை இறக்கினால் என்ன என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் உள்ள இடைவெளி குறைந்தால் அழுத்த அவ்வளவு பலம் வேண்டாம் அல்லவா? இன்ஸ்டிடியூட்டில் மெஷின் மக்கர் செய்தால் திருகுப்புளியை எடுத்துச் சரிசெய்வது நான்தான். அந்தத் தைரியம். சென்னையில் கிடார் ரிப்பேர் செய்யும் ஒருவருக்கு, என் கணவருடைய கையைப் பற்றி எல்லாம் எழுதிக் கடிதம் போட்டேன். இன்லண்டு லெட்டர் நிறையப் பதில் வந்தது. கிடாரின் கழுத்துக்குள் நீளமாக ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, அதுதான் கழுத்தை வளையாமல் பிடித்திருக்கிறது, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், ஒரு நாளைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகக்கூடாது, மரம் அடங்க நேரம் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், 'ரொம்பவும் இறக்கினால் கம்பி தட்டும், அதற்கு மருந்து இல்லை' என்றும் எழுதியிருந்தார்.

அவர் சொன்னபடியே செய்தேன். அந்த இரும்புக் கம்பியைத் திருக ஆலன் கீ என்ற சாவியை லாரி பட்டறையில் கேட்டு வாங்கி வந்தேன். வாசிக்கும் கம்பியை இரண்டு முனையிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் எவ்வளவு வெளிச்சம் தெரிகிறது என்று பார்ப்பேன். ஒரு தீப்பெட்டி அட்டை நுழைகிற அளவுக்கு இருந்தது. தினமும் காலையில் கால் சுற்று. நாலாம் நாள் தபால் கார்டுதான் நுழைந்தது. பிறகு அடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் உள்ள சின்னத் திருகுகளை ஒவ்வொன்றாக இறக்கினேன். தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளங்களை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவினேன். சுருதியையும் ஒரு படி குறைத்து, கம்பியின் இழுப்பைத் தளர்த்தினேன்.

"இப்ப அழுத்திப் பாருங்க."

அழுத்தினார். ஒலி வந்தது. இரண்டே விரலில், மெதுவாக, ஒரு பாட்டின் முதல் நாலு வரிக்கு வாசித்தார். அவருடைய நெற்றி வேர்த்துவிட்டது.

"வருதுடி," என்றார். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிட மறந்துபோனோம்.

ஆனி மாதம் குழுவின் ஒத்திகைக்குப் போனோம். ஒரு பள்ளிக்கூடத்தில், மத்தியானம். வீட்டில் மெதுவாக வாசித்தது வேறு. அங்கே டிரம்ஸும் தபேலாவும் சேர்ந்ததும் அவர் பழைய வேகத்தில் கம்பியை ஓங்கி இழுத்தார். தாழ்ந்திருந்த கம்பி அடியில் பலகையில் குறுக்கே பதித்த ஃப்ரெட் மெட்டுகளில் தட்டி, ஆம்ப்ளிஃபையர் வழியாகக் கிர்ரென்று ஹால் முழுக்கக் கேட்டது. மெதுவாக இழுத்தால் சத்தம் எடுபடவில்லை. விரலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அரை மாத்திரை பின்தங்கியது. குழுத் தலைவர் நல்ல மனிதர். மூன்று பாட்டு வரைக்கும் பொறுத்துப் பார்த்தார்.

"தம்பி, கை நல்லா ஆறட்டும்," என்றார். "இப்போதைக்குக் கீபோர்டுலயே பேஸையும் வாசிச்சுக்கறோம். புதுசா வந்திருக்குல்ல."

"சரிங்கண்ணே," என்றார் என் கணவர். ஒயரைச் சுருட்ட அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. நான் உதவிக்குப் போகவில்லை. போனால் கோபம் வரும்.

அதன் பிறகும் அவர் வீட்டில் வாசித்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஐப்பசியில் மழை பிடித்தது. வாசல் வரை தண்ணீர் நின்றது. ஈரத்தில் மரம் ஊறி, கழுத்து முன்பக்கம் வளைந்து, இறக்கிவைத்த கம்பிகள் மறுபடி மேலே ஏறின. ஆலன் கீயை எடுத்து என் கையில் கொடுத்தார்.

கால் சுற்று திருகினேன்.

"இன்னும்."

"நாளைக்குப் பாத்துக்கலாங்க. ஒரு நாளைக்கு இவ்ளோதான்னு எழுதியிருக்காரே."

"இன்னும் கால் சுத்து."

திருகினேன். இறுக்கமாக இருந்தது. மரம் முனகியது கையில் தெரிந்தது.

"வேணாங்க. உடஞ்சிரும்."

"திருகுன்னா திருகு."

அவர் கிடாரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அந்த நேரத்தில் ஏதோ ஒரு வெறுப்பு வந்தது. அவர் மேலா, கிடார் மேலா, அந்த வயல் மேலா என்று சொல்லத் தெரியவில்லை. பலம் கொடுத்துத் திருகினேன். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். அதன் பிறகு சாவி லேசாக, எந்தத் தடையும் இல்லாமல் சுற்றியது.

நான் அழ ஆரம்பித்தேன். அவர் அழவில்லை.

"விடு," என்றார். "முடிஞ்சிருச்சு."

அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. உடைய வேண்டும் என்றுதான் திருகச் சொன்னாரா? அவரிடம் நான் கேட்டதே இல்லை. உடையும் என்று தெரிந்தும் ஏன் திருகினேன் என்று என்னையும் அவர் கேட்டதில்லை. சாயங்காலத்துக்குள் கம்பிகளின் இழுப்பில் கழுத்து வில்லாக வளைந்துவிட்டது.

நிலத்து வழக்கு நான்கு வருடம் நடந்தது. நடுவில் ஆட்சி மாறியது. இந்தக் கட்சிக்காரரும் வந்து பார்த்தார், அந்தக் கட்சிக்காரரும் வந்து பார்த்தார். கடைசியில் மாமனார் தாலுகா ஆபீசில் குத்தகை உரிமையை விட்டுக்கொடுத்துக் கைநாட்டு வைத்தார். என் கணவருக்கு நெல் கொள்முதல் நிலையத்தில் சீட்டு எழுதும் வேலை கிடைத்தது. வலது கை நன்றாகத்தானே இருந்தது. வீட்டில் ரேடியோ பாடினால் எழுந்து போய் அணைத்துவிடுவார். நானும் பாடுவதை விட்டிருந்தேன்.

ஒருமுறை குழுத் தலைவரே வீட்டுக்கு வந்தார். திருவையாற்றில் ஒரு கல்யாண வரவேற்பு, பாட வேண்டிய பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்றார். நான் முடியாது என்று சொல்வதற்குள், "போய்ட்டு வா," என்றார் என் கணவர்.

போனேன். கீபோர்டுக்காரர் வலது கையில் ராகத்தையும் இடது கையில் பேஸையும் வாசித்தார். ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. கம்பி தட்டவில்லை, சுருதி இறங்கவில்லை. இரண்டாவது பாட்டில் என் குரல் அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. பாடிக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்துத்தான் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை.

மறுநாள் காலையில் காப்பி குடிக்கும்போது கேட்டார்.

"பேஸு எப்படி இருந்துச்சு?"

"ஒண்ணும் சரியில்லைங்க. சொத சொதன்னு இருந்துச்சு."

தம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்லா இருந்துச்சா?"

நான் தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.