முழங்கையில் ஒரு நரம்பு

டிரஸ்ஸர் இஸ்ரவேலுக்குப் பெயர் தெரியாத நரம்பு மனித உடம்பில் கிடையாது. மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் வருஷமே, மூளையிலிருந்து நேராகப் புறப்படும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளின் இங்கிலீஷ் பெயர்களையும் சபையில் பாடும் ஒரு கீர்த்தனையின் மெட்டில் கோத்துவிட்டார். வாசனைக்கு ஆல்ஃபாக்டரி, பார்வைக்கு ஆப்டிக் என்று எடுத்தால், நாக்கை அசைக்கும் ஹைப்போகிளாசலில் வந்துதான் மூச்சுவிடுவார். உபதேசியார் மகன், நல்ல குரல். புண் கட்ட வந்தவர்கள் புறங்கையில் பச்சையாக ஓடுவதைக் காட்டி நரம்பு வலிக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. "அது ரத்தக்குழாயாக்கும். நரம்பு வெள்ளயா உள்ள கெடக்கும்" என்று திருத்திவிட்டுத்தான் துணியை அவிழ்ப்பார். அவர்களுக்கு வலி போனால் போதும் என்றிருக்கும்.

இப்படிப்பட்டவருக்குப் போட்டியாக 1929-இல் குமாரதாஸ் வந்து சேர்ந்தான். கருங்கல் பக்கத்துப் பனையேறி மகன், ஏழாம் வகுப்பைத் தாண்டாதவன். அல்னார் என்று இங்கிலீஷில் எழுதச் சொன்னால் மூன்று தரம் மூன்று விதமாக எழுதுவான். ஆனால் விரல் இருக்கிறதே! பெருநோய் என்ற குஷ்டம் கண்டவர்களின் முழங்கைக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் விரலை வைத்து ஒரு உருட்டு உருட்டுவான். அங்கே ஓடும் அல்னார் நரம்பு தடித்திருக்கிறதா, அதாவது நோய் அதில் இறங்கியிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவான். வெள்ளைக்கார டாக்டர் துரை வந்து பார்த்தால் அவன் சொன்னதே சரியாக இருக்கும். பிறகென்ன, எதற்கெடுத்தாலும் "குமாரதாஸைக் கூப்பிடு" என்றானது.

இஸ்ரவேலுக்கு வயிறு எரிந்தது. அவன் வார்டில் சிரித்தால் எரிந்தது, நோயாளிகள் அவனைத் தேடினால் எரிந்தது. "எழுத்தறியாத பயலுக்கு வந்த வாழ்வப் பாத்தியா?" என்று மனைவி சத்தியபாயிடம் தினமும் சொல்லிச் சொல்லி, அவளுக்கே அவன் பெயரைக் கேட்டால் அலுத்துவிட்டது.

1931-இல் இராஜாக்கமங்கலத்தில் கிளை டிஸ்பென்சரி திறந்தார்கள். பரீட்சையில் தேறும் ஒருவருக்கு அதன் பொறுப்பு. தனி வீடும் உண்டு. போட்டியில் நின்றது இவர்கள் இரண்டு பேர்தான். எழுத்தில் இஸ்ரவேல் முந்தினார். தண்டுவடத்திலிருந்து கிளம்பும் முப்பத்தொரு ஜோடி, தோலின் உணர்ச்சியை உள்ளே கொண்டுபோவது, தசையை அசைக்கும் கட்டளையை வெளியே கொண்டுவருவது எல்லாம் பிசகில்லாமல் வந்தது. பெருநோயில் முதலில் உணர்ச்சி போகும், பிறகுதான் அசைவு போகும் என்று அடிக்கோடு வேறு போட்டார்.

மிச்சம் கைப்பழக்கம். நோயில்லாத ஒருவர் கையில் அல்னார் நரம்பைக் காட்ட வேண்டும். குமாரதாஸின் முறை வந்ததும் இஸ்ரவேல் முந்திக்கொண்டு தம் இடது கையை நீட்டினார். முழங்கையைத் தளர்த்தி மடக்கினால்தான் அந்த நரம்பு விரலில் தெளிவாக அகப்படும். அது தெரிந்தே விறைப்பாக நீட்டிக்கொண்டார்.

குமாரதாஸ் விரலை வைத்தான். உருட்டினான். விரல் ஒரு இடத்தில் நின்றது. இஸ்ரவேலின் முகத்தைப் பார்த்தான், மறுபடியும் உருட்டினான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

"கிடைக்கல்ல, டாக்டர்."

"உனக்கா கிடைக்கவில்லை?" என்றார் துரை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். இஸ்ரவேலோ வந்த சந்தோஷத்தில் கீர்த்தனையை வாய்விட்டே பாடியிருப்பார்.

வெளியே வந்ததும் அவன் பின்னால் ஓடிவந்தான். "அண்ணே, ஒரு காரியம் பறயணும்."

"தோத்தபொறவு என்னலே பேச்சு? போடே."

மறுநாள் வீட்டுக்கே வந்தான். தனியாகப் பேச வேண்டும் என்றான். இஸ்ரவேல் கதவைச் சாத்தினார். இஸ்ரவேல் பொறுப்பேற்றுப் போன அடுத்த மாதம் இராஜாக்கமங்கலத்துக்கு அவன் கையெழுத்தில், எழுத்துப்பிழையோடு முகவரி போட்டு, ஒரு கடிதம் வந்தது. பொறுப்பைப் பங்கு கேட்கிறான் என்றே நினைத்தார். பிரிக்காமல் அடுப்பில் போட்டார்.

ஆறு மாதம் ராஜா போல இருந்தார். ஒரு நாள் காலையில், ஸ்பிரிட் விளக்கில் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டே மீன்காரி ஒருத்திக்கு நரம்பு எது, ரத்தக்குழாய் எது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

"டாக்கிடரே, கை கருகுது!" என்று அவள் கூவினாள்.

இடது சுண்டுவிரல் தீயில் இருந்தது. தோல் பொங்கியிருந்தது. வலிக்கவே இல்லை.

சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலில் பாதிக்கும் உணர்ச்சி தருவது அல்னார். அவருக்கா தெரியாது? வலது கையால் இடது முழங்கையைத் தடவினார். பள்ளத்தில் கயிறு மாதிரி தடிப்பாக உருண்டது. அன்றைக்கு நின்ற விரலும், தன்னைப் பார்த்த முகமும் இப்போதுதான் புரிந்தன. 

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். பெருநோய் வார்டில் குமாரதாஸ் நீரடிமுத்து எண்ணெய் ஊசி போட்டுக்கொண்டிருந்தான். துணி சுற்றிய விரலைக் கண்டதும் ஊசியைக் கீழே வைத்தான்.

"அன்னைக்கே ஏம்லே சொல்லல்ல?"

"அத்தன பேருக்க முன்னயா? சொல்லியிருந்தா ஊருல சத்தியபாய் அக்காவ கிணத்துல தண்ணி கோர விடுவினுமா? தனியா சொல்லலாம்னு ரெண்டு மட்டம் வந்தேன். எழுதியும் போட்டேன்." பிறகு தணிந்த குரலில் சொன்னான்: "மருந்தில்லாம ஆறு மாசம் வெறுத போச்சே, அண்ணே."

வீடும் பொறுப்பும் இவன் விட்டுக்கொடுத்தவை என்று இஸ்ரவேலுக்கு உறைத்தது. அழுகை வந்தது. வெட்கக்கேடு என்னவென்றால், அந்த நேரத்திலும் அவருக்கு அவன்மேல் பொறாமையாகத்தான் இருந்தது. தான் அவன் இடத்தில் இருந்திருந்தால் உரக்கச் சொல்லியிருப்பார் என்பது அவருக்குத் தெரியும்.

சட்டைக் கையைச் சுருட்டினார். இந்த முறை முழங்கையைத் தளர்த்தி, நன்றாக மடக்கி, மேசைமேல் வைத்தார்.

"பாருலே. இப்ப கிடைக்குதா?"

குமாரதாஸ் விரலை வைத்தான்.

"கிடைக்குது, அண்ணே."