ஊசி அறைத் தொட்டாற்சுருங்கி

டம்ளரில் வெந்நீர் ஊற்றி, விதைகளைப் போட்டு, தட்டால் மூடி வைத்த பிறகுதான் நர்சம்மா ஊசி அறைக் கதவைத் திறப்பார். தொட்டாற்சுருங்கி விதைக்குத் தோல் கெட்டி. வெந்நீரில் ஊறினால்தான் மனமிரங்கி முளைவிடும். அதே டம்ளரில்தான் டீயும் குடிக்கிறாரா என்று கேட்டவர்கள் உண்டு.

ஜன்னலோரம் முழுக்கத் தொட்டிகள். தொட்டிகள் என்பது மரியாதைக்கு. காலி மருந்து டப்பா, விளிம்பு உடைந்த ட்ரே, கைப்பிடி போன வாளி. மணல் கலந்த மண், தாராளமாக வெயில், வேர் அழுகாத அளவுக்குத் தண்ணீர்; இவ்வளவு போதும், பவுடர் ஒற்றும் பஞ்சு போல ரோஜா நிறத்தில் உருண்டை உருண்டையாகப் பூத்துவிடும். உரம் மட்டும் போடமாட்டார். "ரொம்பக் கவனிச்சா இலையா விட்டுத் தள்ளும், பூக்காது. நம்ம வீட்டுப் பிள்ளைங்க மாதிரி" என்பார், தம் மகள்கள் இருவரும் பக்கத்தில் நிற்கும்போதே.

வயலில் இதைக் களை என்று பிடுங்கி எறிகிறார்கள். அந்தக் கட்சியின் நியாயமும் அவருக்குத் தெரியும். காய் முற்றி வெடிக்குமுன் கிள்ளிக் காகிதப் பையில் போட்டுவிடுவார். "விட்டா வாசல் பூரா இதுதான் பேஷண்ட்." முள் குத்தினால் தமக்குத் தாமே மருந்து தடவிக்கொள்வார், முகம் சுளிக்காமல்.

இலையை அரைத்துப் பூசினால் புண் ஆறுமாமே என்று யாராவது ஆரம்பித்தால், "அது வேற டிபார்ட்மென்ட்" என்று முடித்துவிடுவார். இங்கே செடிக்கு உத்தியோகம் ஒன்றுதான். ஊசிக்கு வந்தவர் ஒரு கையை நர்சம்மாவிடம் கொடுத்துவிட்டு, மறு கையால் ஓர் இலையைத் தொட வேண்டும். சிற்றிலைகள் ஜோடி ஜோடியாகக் கைகூப்பும். கடைசியில் காம்பு தலைகுனியும். பார்த்து முடிப்பதற்குள் ஊசி ஏறியிருக்கும். "இலை விரியறதுக்குள்ள வலி போயிடும்" என்பது அவர் தரும் உத்தரவாதம். வலி போகாதவர்களும் செடியைப் பொய்யாக்க மனமின்றி, போய்விட்டது என்றே சொல்கிறார்கள்.

நாய் கடித்த லாரி டிரைவர் ஒருவர் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் வந்துகொண்டிருந்தார். கதவை அடைக்கும் உடம்பு. ஊசியைக் கண்டால் மட்டும் பாதியாகிவிடும். கடித்த நாய் போன இடம் தெரியவில்லை, எனவே ஒரு தவணையும் தவறக் கூடாது. கடைசித் தவணையன்று கூட்டம். ஜன்னலோரம் உட்கார்ந்து காத்திருந்தவரின் முறை வந்தபோது, அத்தனை தொட்டியிலும் ஓர் இலை பாக்கியில்லாமல் மூடிக் கிடந்தது. பூக்கள் மட்டும் தமக்குச் சம்பந்தமில்லை என்பதுபோல் நின்றன.

"என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?"

"கை சும்மா இருக்கல சிஸ்டர். ஒண்ணத் தொட்டேன், மூடிச்சு. மனசுக்கு நல்லாருந்துச்சு. அப்படியே…"

"மலைப் பாதையில லோடு வண்டிய ரிவர்ஸ் எடுக்கற ஆளு" என்றார் கூட வந்திருந்த மனைவி, அறையில் இருந்த எல்லோருக்கும் பொதுவாக.

டிரைவர் சட்டைக் கையை இறக்கிவிட்டு எழுந்தார். நாளைக்கு வருவதாகச் சொன்னார். நாளை விடிவதற்குள் லோடு ஏற்றிக்கொண்டு எங்கோ போய்விடுவார் என்பது மனைவிக்குத் தெரியும்; மனைவியின் முகத்தைப் பார்த்து நர்சம்மாவுக்கும் தெரிந்தது.

நர்சம்மா வலக்கையில் ஊசியை எடுத்துக்கொண்டார். இடக்கையை விரித்து டிரைவர் முன் நீட்டினார்.

"தொடுங்கண்ணே."

டிரைவர் மனைவியைப் பார்த்தார், உள்ளங்கையைப் பார்த்தார், மெல்ல உட்கார்ந்தார். சட்டைக் கை மறுபடி ஏறியது. இலையைத் தொடுவதுபோல ஒற்றை விரல் நுனியால் தொட்டார்.

நர்சம்மாவின் சுண்டுவிரல் மடங்கியது. அடுத்தது மோதிரவிரல், அவசரமில்லாமல். நடுவிரல், ஆள்காட்டி. கட்டைவிரல் வந்து மேலே படிந்ததும் மணிக்கட்டு தொங்கியது. போட்டு முடித்த ஊசி அதற்குள் ட்ரேயில் கிடந்தது.

வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. டிரைவர் மூச்சை விடும்வரை நர்சம்மா அந்தக் கையை விரிக்கவில்லை.