மீன் வண்டித் தட்டில் போட்ட ஓட்டை

அன்று ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள்: மேனேஜர், டெக்னீசியனான நான், பெரியதாழை மீன் வியாபாரி ஜெபமாலை அக்கா, வண்டி ஓட்டும் அவர் கணவர் சேவியர் அண்ணன். வாரண்டி உண்டா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டிய கம்பெனி இன்ஜினியர் மட்டும் வரவில்லை. சென்னையிலிருந்து என் செல்போனில் வீடியோ காலில் இருந்தார்.

லிஃப்ட்டில் நின்றது அவர்களுடைய எலெக்ட்ரிக் லோடு ஆட்டோ. பழைய டீசல் வண்டியை விற்று, மீதிக்கு லோன் போட்டு வாங்கியது. ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திருச்செந்தூர் ரோட்டில் மீனோடு நின்றுபோய், கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள்.

பேட்டரிப் பெட்டியை இறக்கினேன். கனெக்டர் பின்கள் பச்சையாகப் பூத்திருந்தன. மூடியைத் திறந்ததும் உப்புத் தண்ணீர் வடிந்தது. நிமிர்ந்து பார்த்தால், நேர் மேலே லோடு தட்டில் வரிசையாக ஓட்டைகள்.

"இது யாரு போட்டது அண்ணே?"

"நாந்தான் தம்பி. ஐஸு உருகுன தண்ணி பொறவு எங்கன போவும்? தட்டுல கெட்டி நின்னா மீனு நாறிப்போவும்லா!"

எங்கள் பக்கம் புது மீன் வண்டி கோயிலுக்குப் போகும் முன்பே வெல்டிங் கடைக்குப் போகும். நொறுக்கிய ஐஸில் கல்லுப்பு தூவித்தான் மீன் அடுக்குவார்கள். டீசல் வண்டியில் அந்தத் தண்ணீர் ரோட்டில் விழும். இதில் பேட்டரி மேல் விழுந்தது.

"தட்டுல ஹோல் போட்டா மாடிஃபிகேஷன். வாரண்டி கிடையாது" என்றார் இன்ஜினியர்.

"சார், இங்க எல்லா மீன் வண்டியிலயும் போடுவாங்க சார்" என்றேன்.

"மேனுவல்ல தெளிவா இருக்கு தம்பி."

மேனுவல் இங்கிலீஷில் இருந்தது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அக்கா வீட்டில் அப்படி ஒருவர் இல்லை.

மேனேஜர் சமாதானமாகச் சொன்னார்: "அக்கா, வண்டிய குத்தம் சொல்லாதிய. பனி பெய்யுற நாட்டுலகூட இப்ப கரண்டு வண்டிதான் ஓடுது. ஒலகம் பூரா மாறிட்டு."

"ஒலகத்துல ஒருத்தனும் மீனு ஏத்தலியா சார்?" என்றார் அக்கா.

இன்ஜினியர், "எஸ்டிமேட் கொடுத்துடுங்க" என்று போனை வைத்துவிட்டார்.

பேட்டரியைப் பிரித்துப் பழுது பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை. வெளியே செய்து தரவும் ஊரில் ஆள் இல்லை. முழுசாக மாற்ற வேண்டும். ஒன்றே முக்கால் லட்சம். அண்ணன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "வா ஜெபமாலை, மீனாவது கெடாம கெடக்கட்டும்" என்று பெட்டிகளை வாடகை வண்டிக்கு மாற்றினார்.

தட்டில் வடிகுழாய் வைத்துத் தரச் சொல்லி கம்பெனிக்கு மெயில் போட்டேன். பதில் இல்லை. வேம்பாரிலிருந்து விலை கேட்டு வந்த ஒருவர், "பெரியதாழை வண்டி மாதிரி நிக்காதுல்லா?" என்றார். விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டு போனவர் திரும்பவில்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். சாவி கொடுக்கும் முன், என்ன ஏற்றப் போகிறார்கள் என்று கேளுங்கள். ஆளைக் குனிய வைத்து பேட்டரி இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். அக்காவுக்கு அது உதவாது.

பேட்டரி மாற்றக் காசு இல்லாமல் வண்டி பழைய இரும்பு விலைக்குப் போனது. லோனை அடைக்க அக்காவின் கழுத்துச் செயின் போனது. டீசல் வண்டி விற்ற காசு, கட்டிய தவணை, செயின் எல்லாம் சேர்த்து அண்ணன் சொன்ன நஷ்டக் கணக்கு: மூன்று லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் ரூபாய்.