கருவாட்டுக் கிடங்கு நாயும் முப்பத்தேழாம் பிரிவும்

வில்லியனூரில் வருமான வரிக் கணக்கு எழுதித் தரும் கடை வைத்திருக்கிறேன். நான் ஆடிட்டர் இல்லை. ஆனாலும் ஊருக்கே ஆடிட்டர்தான். அன்று வரித்துறை போர்ட்டலைத் திறந்ததும் ஒரு நோட்டீஸ் கிடந்தது.

அரியாங்குப்பம் அஞ்சலை அக்காவின் கருவாட்டு வியாபாரத்துக்கு ஸ்க்ரூட்டினி, அதாவது கணக்கைத் துருவிப் பார்க்கும் விசாரணை. 'காவல் நாய் பராமரிப்பு' என்று செலவு காட்டியிருக்கிறீர்களே, அந்த நாய் தொழிலுக்கா, வீட்டுக்கா? வீடியோ விசாரணையில் விளக்கவும்.

வருமான வரிச் சட்டத்தின் முப்பத்தேழாம் பிரிவுப்படி செலவு முழுக்க முழுக்கத் தொழிலுக்காக மட்டுமே ஆகியிருக்க வேண்டும். கிடங்கில் பூனையை விரட்டும் நாய்க்குப் போடும் சோறு தொழில் செலவு. மடியில் வைத்துக் கொஞ்சும் நாய்க்குப் போடும் சோறு சொந்தச் செலவு, வருமானத்தில் கழிக்க முடியாது. கழிக்க விடாவிட்டால் அக்காவுக்குக் கூடுதல் வரி, வட்டி. எனக்கு அதைவிட மோசம்: அக்கா கோபித்துக்கொண்டு போனால், பின்னாலேயே மீன் மார்க்கெட் மொத்தமும் போய்விடும்.

"அக்கா, ஆபீசர்கிட்ட ஒன் நாய் ராஜாவ புள்ளன்னு மட்டும் சொல்லிடாத."

"புள்ளைய புள்ளன்னு சொல்லாம இன்னான்னு சொல்றது?"

"வாட்ச்மேன்னு சொல்லு."

"அதுக்கு அந்த வேலையே தெரியாதேபா!"

விசாரணை நாளில் கிடங்கிலிருந்தே போனில் பேசினோம். அதிகாரி எந்த ஊரோ, நல்லவேளை தமிழ் பேசினார். "நாயைக் காட்டுங்க" என்றார். போனைத் திருப்பினேன்.

நெத்திலி மூட்டைமேல் ராஜா மல்லாந்து கிடந்தது. ஒரு பூனை வாளைக் கருவாட்டைக் கவ்விக்கொண்டு அதன் வயிற்றைத் தாண்டி நிதானமாக நடந்தது. ராஜா வாலை ஆட்டி வழியனுப்பியது.

"இதுதான் காவலா?"

என் வாய் தானாகப் பேசியது. "சார், சட்டத்துல தொழிலுக்காகன்னுதான் இருக்கு. உருப்படியா வேலை பாக்கணும்னு இல்ல சார்."

அதிகாரியின் முகம் திரையிலிருந்து மறைந்தது. நெட் போய்விட்டது என்று ஆறுதலடைந்தேன். போகவில்லை, குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். "அது சரிதான். பூனைக்காகத்தான் வெச்சிருக்கீங்க. விரட்டலைன்னா அது உங்க தலையெழுத்து."

அப்பாடா என்பதற்குள் அக்கா போனுக்குள் முகத்தை நுழைத்தார். "நம்ம வூட்டுப் புள்ள மாதிரி சார்! வருசா வருசம் பொறந்தநாளுக்குக் கேக்கு வெட்டுறோம். பில்லுகூட கணக்குல வெச்சிருக்கேன்!"

அந்த பில்லைப் பார்க்காமலே சேர்த்த மேதை யார் என்று கேட்காதீர்கள். நான்தான்.

ஆர்டர் வந்தது. சோறு அனுமதி, கேக் தள்ளுபடி.

கணக்கு எழுதும் தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, செலவு பலித்ததா என்று சட்டம் கேட்காது. எதற்காகச் செய்தீர்கள் என்றுதான் கேட்கும். இதை அக்காவுக்கும் விளக்கினேன்.

"அப்ப ஒண்ணுக்கும் ஒதவலன்னாலும் கழிச்சிக்கலாமா?"

"தொழிலுக்காகன்னா தாராளமா கழிக்கலாம்க்கா."

"அப்ப ஒன் பீசையும் ராஜாவுக்குக் கீழயே எழுதிக்கோபா."

எழுதிக்கொண்டேன்.