டிரசர் எழுதிக் கொடுத்த துண்டு

எங்கள் ரப்பர் எஸ்டேட்டில் இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தால் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியைத் தேடிக்கொண்டு ஓட வேண்டும். எங்கள் வீட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. என் அண்ணனே ஆபீசில் சின்னக் கிராணி. சுங்காய்ப் பக்கம் பால்மரம் வெட்டியே அம்மா அவனை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். "என் மவன் வாசிச்சா தப்பாது" என்று காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில் எல்லாரிடமும் சொல்லுவாள்.

எழுபதுகளின் நடுவில், ஒரு மழைக்காலத்தில், மேட்டு மர நிறையில் பால் வாளிகளோடு சறுக்கி விழுந்தாள். வலது முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிப்போனது. எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரசர் கட்டுப் போட்டு, ஆபீசுக்கு இங்கிலீஷில் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆயாக்கொட்டாயில் பிள்ளை பார்க்கும் வேலை ஒன்று அப்போது காலியாக இருந்தது. அது கிடைத்தால் மேடு ஏற வேண்டாம். அம்மாவுக்கு அது ஒன்றுதான் ஆசை.

அண்ணன் துண்டை வாசித்தான். "லேசான காயம்னு எழுதியிருக்காரும்மா. ரெண்டு வாரத்துல மரத்துக்குப் போலாம். ஆபீசுல குடுக்கத் தேவையில்ல, நீயே வச்சிக்க."

நான் அப்போது பாரம் இரண்டு படித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தேன். லேசான காயம் என்றால் 'ஸ்லைட்' என்று இருக்க வேண்டும். அந்தத் துண்டில் இருந்தது 'லைட்', பக்கத்தில் 'வொர்க்'. ஸ்லைட் என்றால், பட்ட அடி சின்னது, பெரிசு பண்ணாதே என்று அர்த்தம். லைட் என்றால், இவள் மேல் கனத்தை ஏற்றாதே என்று அர்த்தம். ஒன்று வலியைக் குறைத்துச் சொல்லும், மற்றது வேலையைக் குறைக்கச் சொல்லும்.

"அண்ணே, லேசான வேலை குடுக்கணும்னுல்ல போட்டிருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதான்லா. தமிழ்ல ரெண்டுக்கும் லேசுதானே? நீ படிச்சுக் கிழிச்சது போதும், போ."

அண்ணனுக்குத் தெரியாத இங்கிலீஷா என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வாயை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா கட்டோடு மேடு ஏறினாள். ஆயாக்கொட்டாய் வேலை ஆபீசில் அண்ணனுக்கு மேலே இருந்த பெரிய கிராணியின் தங்கைக்குப் போனது. புருஷனைப் பறிகொடுத்தவள், போகட்டும் என்று அம்மாவே சொன்னாள். தை பிறந்ததும் பெரிய கிராணி மகளுக்கும் அண்ணனுக்கும் நிச்சயம். பந்தியில் அந்தத் தங்கை என் பக்கத்தில் உட்கார்ந்து, "மாப்பிள்ளதான் பேசி எனக்கு அந்த எடத்த வாங்கிக் குடுத்தாரு, தங்கமான புள்ள" என்றாள். பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் அவனை மடக்கினேன். "தெரிஞ்சுதானே செஞ்ச?"

புதுச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். "அம்மாவுக்கு இரும்பு ஒடம்பு. தாங்கும்னு நெனச்சேன்."

பாவி. ஊரான் ஏமாற்றினால் காறித் துப்பிவிட்டுப் போகலாம். இவன் எங்கள் சோற்றுத் தட்டில் கை வைத்தவன். அம்மாவிடம் சொல்லப் போனேன். அவள் சம்பந்தி வீட்டுப் பெண்களுக்கு நொண்டி நொண்டி வெற்றிலை கொடுத்துக்கொண்டிருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. திரும்பி வந்துவிட்டேன்.

எண்பதுகளில் அம்மா ஈப்போவில் என்னோடு வந்து இருந்தாள். அதற்குள் முட்டி மடங்காமல் போயிருந்தது. அண்ணன் ஆயர் தாவாரில் வீடு கட்டி, தீபாவளிக்குத் தீபாவளி வந்து போனான். ஒருநாள் பத்திரங்கள் வைத்த பிஸ்கட் டின்னைத் துடைக்கும்போது அந்தத் துண்டு கிடைத்தது. மடிப்பில் கிழிந்திருந்தது.

"ஒங்கண்ணன் எனக்கு வாசிச்சுச் சொன்னதுல்ல அது? நீ ஒரு தடவ வாசி" என்றாள்.

எழுத்து அழியவே இல்லை. லைட் வொர்க். இத்தனை வருஷம் தொண்டையில் வைத்திருந்ததைக் கொட்டிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அவள், மகன் வாசித்தது தப்பவில்லை என்று கேட்கிற ஆசையில், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லேசான காயம்" என்று வாசித்தேன்.

"பாத்தியா, சரியாத்தான் சொல்லியிருக்கான்" என்று முட்டியைத் தடவிக்கொண்டாள். "நான்தான் ஒழுங்கா பாத்துக்காம விட்டுட்டேன்."